பொதிகையின் மேற்கு வாசல்

சாலைக் கடைத்தெருவில் மளிகை வாணிகம் நடத்தும் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் இப்பகுதிக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். அம்பாசமுத்திரம் அவருடைய பூர்வீகம். பாட்டனார் காலத்தில் பாபநாசம் வழியாகப் பொதிகைமலைக்கு நடந்தே சென்று வந்தனர் என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். "மனைவி மக்களோடு அங்கே சென்று, கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கி, பொங்கலிட்டு அகத்தியரை வழிபட்டுத் திரும்ப வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நம் ஊரிலிருந்து அதற்கு வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

வழி உண்டு, ஆனால் அன்பர் எண்ணியிருக்கும் வகையில் இல்லை. கூடாரம் அடிக்க இயலாது, பொங்கலிட இயலாது, சிறு பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லவும் இயலாது. இத்தனை மறுப்புகளையும் ஒருசேரக் கேட்டால் அன்பருக்குச் சினம் மூளலாம். "நம் அகத்தியர் மலைக்கு நாம் போவதைத் தடுக்க இவர்கள் யார்?" என்று கேட்போர் நம் கூட்டங்களிலேயே இருக்கின்றனர். ஆதலால் இத்திங்கள் பகுதி முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கே ஒதுக்குகிறேன். அத்தடைகள் நியாயமானவை என்பது என் துணிபு. அதற்குக் காரணம் காட்ட வேண்டிய கடமையும் எனக்கு உண்டு.

பொதிகை என்றவுடன் நம்மவர் கிழக்கு நோக்கியே நினைக்கின்றனர். பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம் என்று தாமிரவருணியின் வழியே மனம் ஓடுகிறது. ஆனால் அகத்தியர்கூடம் என்று இங்கே வழங்கும் உச்சிச் சிகரம், நாம் குடியிருக்கும் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி நிற்கிறது. உயரம் 1,868 மீட்டர். அதாவது 6,100 அடிக்கு மேல். கிழக்குச் சரிவில் தாமிரவருணி பிறக்கிறது. மேற்குப் பக்கம் விழும் மழைநீர் நெய்யாறாகவும் கரமனை ஆறாகவும் இறங்குகிறது. கரமனை ஆற்றை அருவிக்கரையில் தேக்கி 1933ஆம் ஆண்டு இந்நகரத்துக்குக் குழாய்நீர் கொடுத்தனர். தேவை பெருகவே, அதற்கும் மேலே 1983இல் பேப்பாறை அணை எழுந்தது. கரமனையிலும் வலிய சாலையிலும் கோட்டைக்குள்ளும் குடியிருக்கும் நம் வீடுகளில் காலையில் காப்பிக்கு வைக்கும் தண்ணீர் அந்த மலையிலிருந்து வருவது. நம்முள் நெல்லையிலிருந்து வந்தவர்கள் முன்பு கிழக்குச் சரிவின் நீரைக் குடித்தனர். இப்போது மேற்குச் சரிவின் நீரைக் குடிக்கின்றனர். நாஞ்சில் நாட்டாரும் இந்த உறவுக்குப் புறம்பானவர் அல்லர். 1906இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணைக்கு நீர் தரும் கோதையாறும் இதே மலைத் தொடரின் மகளே.

வரலாற்றிலும் இம்மலை இருபுறத்தாருக்கும் பொதுவாகவே இருந்திருக்கிறது. சங்க காலத்தில் பொதியில் மலைக்குத் தலைவன் ஆய் அண்டிரன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் குடியில் வந்தவர்களாகச் சொல்லப்படும் ஆய் மன்னர்களே பிற்காலத்தில் நமக்குத் தெற்கே உள்ள விழிஞத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். மலையும் கடலும் ஒரே குடையின் கீழ் இருந்த காலம் அது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, அதுகாறும் ஒரே நாட்டில் இருந்த பல குடும்பங்கள் இருந்த இடத்திலேயே அயலார் ஆயின. வட்டங்களுள் ஒன்றின் பெயரே அகத்தியரை நினைவூட்டுவதைப் பாருங்கள். கோடு போட்டுப் பிரித்தவர்களால் மலையை மட்டும் பிரிக்க முடியவில்லை. 2001இல் மத்திய அரசாங்கம் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை அமைத்தபோது 3,500 சதுரக் கிலோமீட்டர் பரப்பை எடுத்துக்கொண்டது; அதில் பாதிக்குச் சற்று மிகுதி கேரளத்தில், எஞ்சியது தமிழ்நாட்டில். நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி சரணாலயங்களும், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் இதனுள் அடங்கும். 2016இல் யுனெஸ்கோ நிறுவனமும் இதனைத் தன் உலகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பூத்துக் காய்க்கும் உயர்வகைத் தாவரங்கள் முதலானவை 2,254 வகை இங்கே உண்டு என்றும், அவற்றுள் ஏறத்தாழ 400 வேறெங்கும் காணக் கிடையாதவை என்றும் அந்நிறுவனம் குறிக்கிறது.

இனி வழி. கிழக்கு வழி நெடுங்காலமாக யாத்திரிகர்களுக்கு அடைபட்டுக் கிடக்கிறது. நெல்லையிலிருந்து வருவோரும் இன்று திருவனந்தபுரம் வந்தே மலையேறுகின்றனர். நகரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போனக்காடு. மூடிக்கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையும், பழைய தொழிலாளர் குடியிருப்புகளும் அங்கே எதிர்ப்படும். அவற்றைக் கடந்து வன இலாகாவின் சாவடியில் பெயரைப் பதிந்துகொண்டு நடக்கத் தொடங்க வேண்டும். முதல் நாள் 14 கிலோமீட்டருக்குக் குறையாத நடை. கரமனையாறு முதலிய ஓடைகளைக் கடக்கிறோம். நகரத்தில் பாலத்தின் மேல் பேருந்தில் அமர்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அதே ஆறு, அங்கே கணுக்கால் அளவில், கூழாங்கல் எண்ணத்தக்க தெளிவோடு ஓடுகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே கரமனைவாசிகள் ஒவ்வொருவரும் ஒருமுறை நடக்கலாம்.

ஓடைகள் முடிந்தபின் புல்வெளி. வெயில் தலையில் இறங்கும். அதற்குமேல் ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி என்று இரண்டு ஏற்றங்கள். திருச்செந்தூர்ப் பக்கத்தார் தேரி என்றால் செம்மணல் மேட்டை நினைப்பர். இங்கே அது செங்குத்தான ஏற்றத்தைக் குறிக்கும். ஏறுகிறவனுடைய முழங்கால் அவன் நெஞ்சிலேயே வந்து இடிக்கும் என்பது முட்டிடிச்சானின் பொருள். பெயர் வைத்தவர் மிகைப்படுத்தவில்லை. அதையும் கடந்தால் அதிருமலைத் தங்கல். 'அதிரு' என்பது மலையாளத்தில் எல்லை. வன இலாகா கட்டியிருக்கும் கொட்டகையிலே பாய் விரித்து எல்லாரும் வரிசையாகப் படுக்க வேண்டியதுதான். உணவு அங்கேயே கிடைக்கும். மறுநாள் விடியலில் புறப்பட்டு, ஈற்றை மூங்கில் காட்டினூடே பொங்காலைப் பாறையை அடைந்து, அங்கிருந்து கயிற்றைப் பற்றிப் பாறைகளின் மேல் ஏறிச் சிகரம் சேர்ந்து, மாலைக்குள் மீண்டும் அதிருமலைக்கு இறங்கிவிட வேண்டும். மூன்றாம் நாள் போனக்காடு. சிகரத்தில் அகத்தியருடைய சிலை ஒன்று வெட்டவெளியில் நிற்கிறது. காற்றில் நம்மால் நிற்க முடிகிற நேரம்தான் தரிசன நேரம்.

பொங்காலைப் பாறை என்ற பெயரைக் கேட்டதும் அன்பர் நிமிர்ந்து உட்காருவார். ஆம், முற்காலத்தில் யாத்திரிகர்கள் அங்கே பொங்கலிட்டது உண்மை. அன்று ஆண்டுக்குச் சிலர் சென்றனர். அரிசியைத் துணியில் முடிந்து சென்றனர். ஓலைப் பெட்டியும் இலையும் மண்ணோடு மண்ணாயின. இன்று பருவம் முழுவதும் நாள்தோறும் ஒரு கூட்டம் ஏறுகிறது. பாறையைச் சுற்றியுள்ள புல் மாசி மாதத்தில் ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது. பூசைப் பொருள், பிளாஸ்டிக், மது ஆகியவற்றைக் கொண்டுசெல்லக் கூடாது என்று வன இலாகா ஒரே வரியில் எழுதியிருப்பதைக் கண்டு சிலர் மனம் புண்படுகின்றனர். பூசைப் பொருளையும் மதுவையும் ஒன்றாக எண்ணலாமா என்பது அவர்கள் கேள்வி. எண்ணவில்லை. கற்பூரம் சுற்றிய கண்ணாடித்தாளும் எண்ணெய்ப் புட்டியும் காட்டுக்குள் கிடந்தால், அவை பக்தியால் வந்தவையா பிறிதொன்றால் வந்தவையா என்று மானுக்குத் தெரியாது என்பதே அவ்வரியின் பொருள்.

நம்மவர் வழக்கம் எத்தகையது என்பதை நாம் அறியாதவர் அல்லர். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் செல்லாத நெல்லைக் குடும்பம் நம்மிடையே குறைவு. ஆற்றங்கரையில் குடில் போட்டு, உற்றார் உறவினர் எல்லாரும் கூடி, நாட்கணக்கில் சமைத்து உண்டு, இரவில் வில்லுப்பாட்டுக் கேட்டுத் தங்கிய இன்பத்தைப் பெரியவர்கள் சொல்லும்போது முகம் மலர்கிறது. கூடாரம் அடித்துத் தங்குவது மேல்நாட்டார் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று எண்ணும் இளைஞர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் அந்தக் கோயில் நிற்குமிடம் 1988 முதல் புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுவே. இலட்சக்கணக்கான மக்கள் காட்டுக்குள் ஒரே வாரத்தில் தங்கினால் ஆறு என்னாகும்? விழா முடிந்தபின் குவியும் குப்பையை அள்ளத் தொண்டர்கள் படும் பாட்டைக் கண்டவர் மறவார். ஆகவேதான் அங்கும் தங்கும் நாட்களைக் குறைத்து, பிளாஸ்டிக்கைத் தடுத்து, வண்டிகளைக் கட்டுப்படுத்தி வருகின்றனர். பாபநாசத்திலோ பரிகாரம் என்ற பெயரில் உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டு வரும் வழக்கம் இன்னும் தீரவில்லை. பாவம் அந்தத் துணியோடு போய்விடுகிறது என்றால், கீழே அந்த நீரைக் குடிக்கும் ஊர்க்காரர்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சாத்திரம் சொல்கிறது? அவ்வழக்கத்தை மேற்குச் சரிவுக்கும் கொண்டுவந்தால், போனக்காட்டில் போட்டது பேப்பாறை வழியாக அருவிக்கரைக்கு வரும். அங்கிருந்து நம் வீட்டுக் குழாய்க்கு அதிக தூரமில்லை.

அமெரிக்க நாட்டில் 1872இல் எல்லோஸ்டோன் என்னும் பெருங்காட்டை மக்கள் அனைவருக்கும் உரிய பூங்காவாக அறிவித்தனர். உலகெங்கும் உள்ள தேசியப் பூங்காக்களுக்கு அதுவே முன்னோடி. 1964இல் அந்நாட்டார் இயற்றிய வனப்பகுதிச் சட்டம், மனிதன் அவ்விடங்களுக்கு வந்து செல்பவனே அன்றித் தங்கிவிடுபவன் அல்லன் என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டது. அழகிய கருத்து, எனினும் அரைகுறையானது. எல்லோஸ்டோனில் வழிவழியாக வாழ்ந்த பழங்குடியினரை அப்புறப்படுத்திய பின்னரே அதனை மனிதர் இல்லாக் காடு என்று போற்றினர். நம் பொதிகை அத்தகையது அன்று. அங்கே வீட்டுக்காரர் உண்டு. அவர்கள் காணிகள்.

காணி மக்கள் எல்லைக்கு இருபுறமும் வாழ்கின்றனர். அகத்தியரைத் தம் குலகுருவாகக் கொள்வர். நமக்கு வழிகாட்டி நடப்பவரும், தங்கலில் கஞ்சி காய்ச்சுபவரும் பெரும்பாலும் அவர்களே. 1987ஆம் ஆண்டு இறுதியில் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் சிலர் இம்மலையில் ஏறினர். அறிஞர்கள் மூச்சு வாங்கினர். உடன்வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு சோர்வின்றி நடந்தனர். அதைக் கேட்டு வாங்கித் தின்றுபார்த்த அறிஞர்களுக்கும் புத்துணர்வு உண்டாயிற்று. முதலில் காட்டிக்கொடுக்கத் தயங்கிய காணிகள் பின்னர் அந்தச் செடியைக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை என்று இன்று வழங்கும் செடி அது. அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்து உருவாயிற்று. கோயமுத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதைச் செய்யும் உரிமை கொடுக்கப்பட்டது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் ஆராய்ச்சி நிலையம் பெறுவதில் பாதியைக் காணிகளுக்கே தருவதென்று முடிவு செய்து, அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் இதனைப் பேசிற்று. மருந்து வாணிகம் எதிர்பார்த்த அளவு வளரவில்லை. காட்டில் அச்செடியைப் பயிரிடவும் எடுக்கவும் சட்டச் சிக்கல்கள் எழுந்தன. ஆயினும் கேட்டு வாங்கிப் பங்கு கொடுத்தல் என்ற முறை ஒன்று தோன்றியது பெரிது.

கேட்காமல் எடுத்ததன் கதையும் இம்மலையிலேயே உண்டு. 1865இல் கர்னல் ட்ரூரி என்னும் ஆங்கிலேயர் இங்கே ஓர் அரிய மஞ்சள் மலரைக் கண்டார். செருப்பின் முனைபோன்ற இதழுடைய ஆர்க்கிட் அது. இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதன்பின் நூறாண்டுக் காலம் அது எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிற்று என்று எண்ணினர். 1972இல் அகத்தியமலையில் மீண்டும் கண்டுபிடித்தனர். செய்தி பரவியதுதான் தாமதம். மலர் சேகரிப்போர் வேரோடு பறித்துச் சென்று அதனை மீண்டும் அழிவின் விளிம்பிற்குத் தள்ளினர். தங்கலுக்குப் புறப்படும் முன் பையைச் சோதிப்பதும், திரும்பும்போது சோதிப்பதும் ஏன் என்று இனி யாரும் கேட்க வேண்டுவதில்லை.

ஆராய்ச்சிக்கென்று சென்றவர்களிலே மிக்க துணிவுடையவர் ஒருவரை இங்கே நினைக்கலாம். திருவிதாங்கூர் மன்னரின் வானிலை ஆய்வுக்கூடத்தில் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர், 1855இல் இந்தச் சிகரத்திலேயே ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். காந்த ஊசியின் அசைவையும் காற்றின் இயல்பையும் நகரத்திலும் மலையிலும் ஒரே காலத்தில் அளந்து ஒப்பிட வேண்டும் என்பது அவர் நோக்கம். இன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு ஏறவே நாம் திணறும் பாறைகளின் மேல், கண்ணாடிக் கருவிகளைச் சுமந்து சென்றனர். அங்கே குளிரிலும் மேகத்திலும் தங்கிக் கணக்கெடுத்த நம் நாட்டு உதவியாளர்களின் பெயர்களை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? நகரத்து அருங்காட்சியகத்தைத் தொடங்குவதிலும் பிரவுனுக்குப் பங்கு உண்டு. ஞாயிறுதோறும் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோர், இந்தக் கதையையும் சொல்லலாம்.

பெண்கள் செல்லலாமா என்று அன்பரின் மனைவியார் நிச்சயம் கேட்பார். செல்லலாம். முன்பு தடை இருந்தது. அகத்தியர் பிரமசாரி முனிவர் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. லோபாமுத்திரையை மணந்தவரைப் பற்றி எப்படி அந்தக் கதை எழுந்தது என்பது எனக்கு விளங்கியதே இல்லை. 2018இல் கேரள உயர்நீதிமன்றம் பெண்களை விலக்குவது கூடாதென்று தீர்ப்பளித்தது. 2019 சனவரியில் பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளராக இங்கே பணியாற்றிய தன்யா சனல் அந்தத் தீர்ப்புக்குப்பின் சிகரம் ஏறிய முதல் பெண்மணி ஆனார். அன்று காணிகள் போனக்காட்டில் அமர்ந்து தம் வருத்தத்தைத் தெரிவித்தனர், வழிமறிக்கவில்லை. தம் வழக்கம் மீறப்படுவதாக உணர்ந்தவர்கள், அதே வழியில் வந்த விருந்தினருக்கு இடையூறு செய்யாதிருந்த பண்பை நாம் மதிக்க வேண்டும்.

செல்ல விரும்புவோருக்குச் சில சொற்கள். நம் வீடுகளில் பயணம் என்றால் முதலில் கட்டுவது புளிச்சோறு. கட்டுக, ஆனால் தூக்குச் சட்டியில் கட்டுக, பையில் வேண்டா. முதல் நாள் உச்சி வேளைக்கு அதற்கு இணையான உணவு இல்லை. அட்டைக்கு உப்பு ஒரு பொட்டலம். இரவுக் குளிருக்குக் கம்பளி. வலிய சாலையின் புழுக்கத்தில் நின்றுகொண்டு அதிருமலையின் குளிரை மதிப்பிட முடியாது. ஒரு திங்களுக்கு முன்பிருந்தே நாள்தோறும் நடந்து பழக வேண்டும். அண்மை ஆண்டுகளில் மருத்துவரின் உடல்நலச் சான்றும் கேட்கின்றனர். இதய நோயும் மூட்டுவலியும் உடையவர்கள் சான்று எழுதித்தரும் மருத்துவரை ஏமாற்றலாம், முட்டிடிச்சானை ஏமாற்ற முடியாது. உரக்கப் பேசுதல், பாட்டுப் பெட்டி இரண்டையும் போனக்காட்டிலேயே விட்டுவிடுக. யானை எதிர்ப்பட்டால் வழிகாட்டி சொல்வதைச் செய்க, வீரம் வேண்டா.

அன்பருடைய பிள்ளைகள் சிறியவர்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர்கள் ஏமாற வேண்டுவதில்லை. பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பேருந்திலேயே போகலாம். அதைவிட நெய்யாறு அணைக்கட்டுக்கு ஒரு விடியற்காலையில் அழைத்துச் செல்லுமாறு சொல்வேன். மாசிக்கு முன், மேகம் ஏறாத நாளாகப் பார்த்து, எட்டு மணிக்குள் அங்கே நின்றால், நீர்ப்பரப்புக்கு அப்பால் சிகரம் தெரியும். அதன் மறுபக்கத்தில் பாட்டன் ஊர் இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டலாம். மலையாளப் பள்ளியில் படித்து, பொதிகை என்றால் பழைய தொலைக்காட்சியின் பெயர் என்று மட்டும் அறிந்திருக்கும் பிள்ளைக்கு அந்த விரல் நுனி போதும்.

தம்மளவில் ஏற விரும்பினால், அனுமதிக்கான அறிவிப்பு வழக்கமாகச் சனவரித் தொடக்கத்தில் வெளிவரும். பருவம் சனவரி நடுவில் தொடங்கிப் பிப்பிரவரி வரை நீடிக்கும். கட்டணமும் நிபந்தனைகளும் ஆண்டுதோறும் மாறுவதால் வன இலாகாவின் அவ்வாண்டு அறிவிப்பையே பார்த்துக்கொள்க. இணைய வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இடங்கள் மிக விரைவில் நிரம்பிவிடும். கைப்பேசியில் இவற்றைச் செய்யத் தெரியாத முதியவர்கள், அடையாள அட்டையோடு ஞாயிறு மாலை நம் சங்க நூலகத்துக்கு வந்தால் இளைஞர்கள் உதவுவர்.